கீரி மீனுக்கு ஒரு தீர்மானம்

எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்தாகப் பதினைந்து நாட்கள் இருந்தன. மற்றக் குடும்பங்கள் காணியையும் நகையையும் சொல்லிப் பெருமை பேசும். நாங்கள் வைகாசி மாதத்தின் முதல் பாதியைச் சொல்லிப் பேசினோம். வெளியாட்களுக்கு இது விளங்காது. விளங்காமல் அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதிலும் எங்களுக்கு ஒரு சந்தோசம் இருந்தது.

விசயம் இதுதான். குச்சவெளிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கரையில் கல் இல்லாத துண்டு ஒன்றே ஒன்று. கரைவலை வளைப்பதென்றால் அங்கேதான் ஏலும். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலை அரைவட்டமாக வளைத்துவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கிற தொழில். ஒரு நேரத்தில் ஒரு வலைக்குத்தான் இடம் காணும். அதனால் பங்குனி தொடங்கி ஆவணி முடியும்வரை உள்ள காலத்தைப் பாதி மாதம் பாதி மாதமாக வெட்டி, ஒவ்வொரு வலைக்கும் ஒரு முறை என்று சங்கம் கொடுத்திருந்தது. யாருக்கு எந்தப் பாதி என்று வருசா வருசம் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இரண்டு பாதிகள் மட்டும் சீட்டுக்குள் வராது. வைகாசி முதல் பாதி எங்களுக்கு. கீரி மீன் கரையை ஒட்டிக் கூட்டம் கூட்டமாக வருகிற காலம் அது. ஆவணிப் பின்பாதி, ஊருக்குக் கடைசியாக வந்து சேர்ந்த வலைக்கு. அந்த நாட்களில் கடலில் ஒன்றும் இராது. அதற்குக் ‘கழிவு முறை’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் என் அப்பா. வைத்துவிட்டுத் தானே சிரித்திருக்கிறார்.

அப்பாவுக்குப் பிறகு வலையும் பெருமையும் என் பெரியண்ணனுக்குப் போயின. அண்ணனை நான் மதிக்கவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது, வெளியில் மதித்தேன். கரையில் நின்று கையை நெற்றிக்கு வைத்துக் கடலைப் பார்த்து, “கிடக்கு” என்று சொன்னால் இருபது பேர் தோணியைத் தள்ளினார்கள். வைகாசியில் யார் அப்படிக் கையை வைத்தாலும் மீன் கிடக்கும் என்பது அண்ணனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இருபது பேருக்கும் தோன்றவில்லை. கோடை தொடங்கும்போது கரையில் உள்ள அம்மன் கோயிலில் பொங்குவார்கள். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக் கொடுக்கிற கோயில் மரியாதையான முதல் காளாஞ்சி வைகாசி முறைக்காரனுக்கு. அந்தத் தட்டை வாங்கும்போது அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடலையே அவர்தான் கட்டி வளர்த்தவர் என்று தோன்றும்.

நான் கடலுக்குப் போனவன் இல்லை. திருகோணமலையில் ஒரு கந்தோரில் வேலை, குடியிருப்பு லிங்கநகரில். சனிக்கிழமைகளில் கரையோர பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போவேன். சங்கத்தின் செயலாளராக என்னை இருத்தியிருந்தார்கள். ‘மேற்படி விடயம் சம்பந்தமாக’ என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். எழுதத் தெரிந்தவனுக்கு எழுதத் தெரியாதவர்கள் மேல் ஒரு இளக்காரம் இருக்கும். எனக்கு அது நிறைய இருந்தது. இப்போது எனக்கு மிஞ்சியிருப்பதும் அதுதான், ஆனால் திசை மாறிவிட்டது.

மீன் பிசகத் தொடங்கிய முதல் வைகாசியில் நான் கரையில் நின்றேன். தண்ணீருக்குள் கால் வைத்தபோது குளிக்கச் சுட வைத்த தண்ணீர்போல இருந்தது. வலையின் மடியில் கீரி இல்லை. சொறி இருந்தது, கையில் பட்டால் தடித்துக் கடிக்கிற வழுவழுத்த சொறிமுட்டை. இழுத்தவர்கள் முழங்கைவரை சொறிந்துகொண்டு நின்றார்கள். அண்ணன் அதற்கு ஒரு காரணம் சொன்னார்: கயிறு புதுசு. இரண்டாம் நாளும் சொறி. ஆழ்கடல் படகுகளின் வெளிச்சத்தில் மீன் வெருண்டுவிட்டது. நாலாம் நாள், யாரோ தீட்டுத் துடக்கோடு வலையைத் தாண்டியிருக்க வேண்டும். பதினைந்து நாளும் முடியுமுன் அண்ணனிடம் பதினைந்து காரணங்கள் இருந்தன. தண்ணீர் சுடுகிறது என்பது மட்டும் அந்தப் பதினைந்துக்குள் வரவில்லை. அவருடைய கால்கள் அந்தத் தண்ணீருக்குள்தான் நின்றன.

அடுத்த வைகாசியும் அப்படியே போயிற்று.

அந்த இரண்டு வருசமும் கீரி வேறு நாளில் வந்தது. ஆவணிப் பின்பாதியில், கழிவு முறைக்குள் வந்தது.

கழிவு முறைக்காரி ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் தோணிக்கும் கரைக்கும் நடுவில் விழுந்து முதுகெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். அதற்குப் பிறகு வலையை அக்கா நடத்தினார். வலைக்காரனைக் கூப்பிடுவதுபோலச் சம்மாட்டி என்று ஒரு பெண்ணைக் கூப்பிட எங்கள் ஆட்களுக்கு வாய் வரவில்லை. ‘அந்த மனுசி’ என்றார்கள். வருசம் முழுவதும் அவருக்குக் கடலில் இருந்த உரிமை அந்தப் பதினைந்து நாள்தான். மற்ற நாட்களில் பிறர் வலையில் கயிறு இழுக்க அவருடைய ஆட்கள் போவார்கள், அவர் கருவாடு போடுவார்.

ஆவணியில் அவருடைய வலை நிறைந்து வந்ததை நான் பார்த்தேன். மடியைக் கரைக்கு ஏற்ற ஆள் காணாமல் பக்கத்து ஊர் முஸ்லிம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை அப்படியே மணலில் போட்டுவிட்டு ஓடி வந்து கை கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் கரைக்கே வரவில்லை. வீட்டில் கதிரையில் சாய்ந்திருந்து, கழிவு முறைக்குக் கழிவு மீன் வந்திருக்கிறது என்றார். அன்று எங்கள் குசினியில் அந்தக் கழிவு மீனைத்தான் பொரித்தார்கள். அண்ணன் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இதற்கிடையில் நகரத்தில் ஒரு செயலமர்வு வைத்தார்கள். பருவநிலையும் கரையோர மீன்வளமும் என்று தலைப்பு. கடற்கரை விடுதி ஒன்றின் குளிரூட்டிய மண்டபம். வெயிலில் கறுத்த மனிதர்கள் நாற்பது பேர் குளிரில் தோளைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் கடலைச் சிவப்பாகவும் நீலமாகவும் திரையில் காட்டினார். மாற்றத்தை உணர்ந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். எல்லோரும் உயர்த்தினார்கள். அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு கட்லட்டும் தேத்தண்ணியும். நான் அந்தப் பையனைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். சப்பாத்தில் ஒரு மணல் இல்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. மேல்தண்ணீர் சூடேறினால் கீரியின் தீனி குறைந்துவிடும், கீரி குளிர்ச்சியைத் தேடி வெளியே ஆழத்துக்குப் போகும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற கச்சான் காற்று பலத்து அடித்தால் அந்தச் சுடுதண்ணீரை அப்பால் தள்ளிவிடும்; அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரையோரம் ஏறும்; தீனி பெருகும், பின்னாலே மீன் வரும். முந்தி அந்தக் காற்றுக்கு ஏறக்குறைய ஒரு கணக்கு இருந்தது. இப்போது ஒரு வருசம் முந்துகிறது, ஒரு வருசம் பிந்துகிறது, ஒரு வருசம் பெயருக்கு வீசிவிட்டுப் படுத்துவிடுகிறது. ஆகவே நாட்கணக்கை நம்பாதீர்கள் என்றார்.

அவர் சொன்னதில் பாதியை நான் கேட்டேன். மீன் இடம்மாறிவிட்டது என்கிற பாதியை. வருசா வருசம் மாறிக்கொண்டே இருக்கும் என்ற மற்றப் பாதி கட்லட் நேரத்தில் வந்தது.

ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். கீரி வைகாசியை விட்டு ஆவணிக்குப் போய்விட்டது, அது விஞ்ஞானம் என்றேன். அவருக்கு வாழ்க்கையில் வந்த ஒரே யோசனை அப்போதுதான் வந்தது.

“எங்கட உரிமை நாளுக்கு இல்லையடா தம்பி,” என்றார். “கீரிக்கு. கீரி எங்க போகுதோ உரிமையும் அங்க போகும்.”

நான் சிரித்திருக்க வேண்டும். நடமாடும் மீனுக்குப் பின்னால் காணி உறுதி எழுதிக்கொண்டு ஓடுகிற குடும்பம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது. நான் சிரிக்கவில்லை. என்ன அருமையான தர்க்கம் என்று நினைத்தேன். அன்றைக்கே ஒரு விண்ணப்பம் எழுதினேன். செயலமர்வில் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். ‘பருவநிலை மாற்றத்தின் காரணமாகப் பாரம்பரிய உரிமையாளர் அடைந்துள்ள பாதிப்பு’ என்று ஒரு வரி; ‘மாறும் சூழலுக்கு ஏற்ப முறைகளை மீளமைத்தல்’ என்று இன்னொரு வரி. ஏழைப்பட்ட மனுசி ஒருத்தியின் பதினைந்து நாளைப் பறிக்கிற கடிதம் அது. வாசிக்க உலகத்தைக் காப்பாற்றுகிற கடிதம் மாதிரி இருந்தது. அண்ணன் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விளங்கியது என்பதற்காக அல்ல. அழகாக இருந்தது என்பதற்காக.

மாசி மாதம் பொதுக்கூட்டம். சங்கக் கட்டிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தோம். நான் விண்ணப்பத்தை வாசித்தேன். எங்கள் வைகாசி முதல் பாதியை அக்காவுக்குக் கொடுக்கிறோம், அவருடைய ஆவணிப் பின்பாதியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், முதல் காளாஞ்சியும் இனி அவருக்கே என்று அண்ணன் எழும்பி அறிவித்தார். கேட்டவர்கள் பெருந்தன்மை என்று தலையாட்டினார்கள். மீன் வராத நாளை மாலை போட்டுக் கொடுக்கிறான், வருகிற நாளைச் சத்தமில்லாமல் எடுக்கிறான் என்று விளங்கியவர்கள் நாலு பேராவது இருந்திருப்பார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். அண்ணனுடைய வலையில் கயிறு இழுக்கிறவர்கள் அவர்கள்.

கடைசி வரிசையில் இருந்த அக்கா எழும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“ஆவணியை எடுத்தாலும் உங்களுக்கு மீன் வராது அண்ணன். கீரி ஆவணிக்கு வரேல்லை, கச்சானுக்கு வந்தது. ரெண்டு வருசமும் கச்சான் விட்டு நாலாம் நாள் தண்ணி சில்லிட்டது, அண்டைக்குத்தான் வந்தது. அது அடுத்த வருசம் ஆனியிலயும் வரலாம், ஆடியிலயும் வரலாம். நாளை விடுங்கோ. தண்ணியைப் பாப்பம். தண்ணி சில்லிட்ட நாளில இருந்து ஆளுக்கு ஒரு நாளா எல்லா வலையும் சுத்தி வளைப்பம். எனக்கும் ஒரு நாள் தாங்கோ, காணும்.”

குளிரூட்டிய மண்டபத்தில் சிவப்பும் நீலமுமாக அந்த அதிகாரி காட்டியதை இந்த மனுசி கணுக்காலால் கண்டுபிடித்திருந்தார். தினமும் காலையில் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறார். அதிகாரி சொன்ன மற்றப் பாதியும் அவரிடம் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அதைவிடக் கோபம் வந்தது. படித்தவன் பாதியோடு நின்ற இடத்தில் இவர் முழுதாக நிற்கிறாரே என்ற கோபம். சிறுமையான கோபம்தான்.

அண்ணன், “தங்கச்சி யோசிச்சுத்தான் கதைக்கிறா, பிறகு பாப்பம்,” என்றார். ‘பிறகு பாப்பம்’ என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம். கையை உயர்த்தச் சொன்னார்கள். செயலமர்வில் உயர்ந்த அதே கைகள் உயர்ந்தன. அக்காவின் கை உயரவில்லை. யாரும் எண்ணவும் இல்லை.

கூட்டக் குறிப்பை நான் வீட்டில் இருந்து எழுதினேன். அக்கா சொன்னதை எழுத இரண்டு தரம் பேனையை எடுத்தேன். எழுதினால், அதைக் கேட்டும் நாங்கள் இப்படி முடிவெடுத்தோம் என்று யாரும் வாசித்து அறியலாம். எழுதாமல் விட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று முடித்தேன். ஏகமனதாக என்று எழுதாத கூட்டக் குறிப்பை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. அது கைப்பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருசம் அம்மன் கோயில் பொங்கலில் அக்கா முதல் காளாஞ்சியை வாங்கினார். முகத்தில் ஒன்றுமில்லை. வைகாசியில் வலை வளைத்தார். சொறியும் நாலைந்து காரல் மீனும் வந்தன. அதற்குமேல் அவருக்கு வருசத்தில் நாள் இல்லை.

ஆவணிக்காக அண்ணன் புது மடி கட்டினார், தோணிக்கு வர்ணம் அடித்தார். ஆனால் கச்சான் அந்த வருசம் ஆனிக் கடைசியிலேயே மூர்க்கமாக எழும்பியது. ஆடி பிறந்து சில நாளில் கரையில் நின்றவர்கள் கடல் கறுத்ததைக் கண்டார்கள். மேகம் இல்லை, மீன். கீரி கரையோடு ஒட்டிக் கிடந்தது. மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. ஆடி முதல் பாதி ஒரு வயோதிபருடைய முறை. அவருடைய வலை கல்லில் மாட்டிக் கிழிந்து, பொத்தி முடியாமல் மரத்தில் தொங்கியது. மற்ற வலைகள் எல்லாம் கரையில் உள்ள வாடிக் கொட்டில்களுக்குள் உலர்ந்த நிலையில், குறையொன்றும் இல்லாமல் கிடந்தன. முறை இல்லாதவன் வளைக்கக் கூடாது. ஊரே கரையில் நின்று பார்த்தது. கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள், எனக்கும் அனுப்பினார்கள்.

அக்கா என் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். யாராவது ஒருவருடைய வலையை இறக்கவிடுங்கள், மீனை எல்லோரும் பங்கு போடுவோம், என் வலையைத் தருகிறேன், எனக்குப் பங்குகூட வேண்டாம் என்றார். நான் முறைமாற்றத்துக்குப் பொதுக்கூட்டம் தேவை, கூட்டத்துக்குப் பதினாலு நாள் முன்னறிவித்தல் தேவை என்றேன். எனக்கு முன்னால் மேசையில் அந்த நேரம் வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை. மீன் ஐந்து நாள் காத்திருந்தது. பதினாலு நாள் காத்திருக்க அதற்குச் சங்க விதிகள் தெரியாது.

ஆவணிப் பின்பாதியில் அண்ணன் பதினைந்து நாளும் நெற்றிக்குக் கையை வைத்தார். தண்ணீர் திரும்பவும் சுடத் தொடங்கியிருந்தது. நான் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது புது மடிக்குள் சொறி பளபளத்தது. அண்ணன் என்னிடம், உன் விஞ்ஞானம் பிழைத்துப் போயிற்று என்றார். அதுவும் என் தலையில்தான் விழுந்தது. வைகாசியைத் திரும்ப எடுக்கலாமா என்று அடுத்த கேள்வி. அந்த மனிதரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருக்காகப் பேனை பிடித்த என் கையைப் பார்க்க அதைவிட.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் அக்கா லிங்கநகருக்கு என் வீட்டைத் தேடி வந்தார். பஸ் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். கதிரையின் நுனியில் இருந்தார், தண்ணீர் மட்டும் குடித்தார். வலையை விற்பதா வைத்திருப்பதா என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்றார். கணவர் விற்றுவிடு என்கிறார். அதற்கு முதல் அக்கா மாவட்டக் கந்தோர் ஒன்றுக்குப் போய், நாளை விட்டுத் தண்ணீரைப் பார்த்து வளைக்கிற ஒழுங்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் கவனமாகக் கேட்டிருக்கிறார். நல்ல யோசனை, ஆனால் இது சங்கத்துக்குள் முன்வைக்கப்பட்டதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும், கூட்டக் குறிப்பில் இருந்தால் காணும், நாங்கள் தலையிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

“அதுதான் வந்தனான் தம்பி. மாசிக் கூட்டத்துக் குறிப்பில ஒரு பிரதி தாங்கோ. அதில நான் கதைச்சது கிடக்கும்தானே.”

புத்தகம் என் அலுமாரிக்குள் இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், சொல்லக்கூடியவன்தான் நான். ஏனோ எடுத்துக் கொடுத்தேன். தெருமுனைக் கடையில் பிரதி எடுத்துத் தருகிறேன், முதலில் பாருங்கள் என்றேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார், முன்பக்கத்துக்கு வந்தார், திரும்பவும் திருப்பினார்.

“நான் அண்டைக்குக் கதைச்சனான்தானே, தம்பி?”

“ஓம் அக்கா. கதைச்சனீங்கள்.”

“இதில இல்லை.”

“இல்லை. நான் எழுதேல்லை.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன், எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தார். கூட்டத்தன்று வரவுப் பதிவில் அவர் போட்ட கையெழுத்து எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

“ஏகமனதாக எண்டு போட்டிருக்கிறீங்கள். அது நானும் எண்டுதானே?”

“ஓம்,” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். பிரதி வேண்டாம் என்றார். குச்சவெளிக்கு நாலரை பஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த கிழமை அக்காவின் வலையை வாங்கியவர் என் அண்ணன்.